மேடு எந்தப் பக்கம்

என் கணவருக்குச் சுமத்ரா தீவில், பாடாங் என்கிற நகரத்தின் துறைமுகத்தில் வேலை. கல்யாணமானதும் கீழ்வேளூரிலிருந்து நானும் அங்கே போய்விட்டேன். எங்கள் மகள் அங்கேதான் படிக்கிறாள். அந்த ஊர் எப்படியிருக்கும் என்று இங்கே யார் கேட்டாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவிடுகிறேன். மாகாணத் தலைநகரம், பெரிய ஊர் என்பேன். இன்னொரு நாள், நாகூர் மாதிரிதான் என்பேன். அதுவும் பொய்யில்லை. கடையைக் 'கெடை' என்கிறார்கள், கப்பலைக் 'கபால்' என்கிறார்கள். நாகூரில் கந்தூரிக்குக் கொடி ஏறுகிற சமயத்தில், அங்கேயும் அதே நாகூர் மகானின் பேரில், பழைய பள்ளிவாசல் ஒன்றின் மாடியிலிருந்து துணியில் முடிந்த சர்க்கரையை வீசுகிறார்கள். நான் நாகூர்ப் பக்கத்துக்காரி என்று தெரிந்ததும் அண்டைவீட்டு அம்மா ஒரு முடிச்சை என் கையில் திணித்தார். எந்த ஊரில் நிற்கிறேன் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை.

ஆனால் அங்கே பூமி ஆடும். சில மாதம் சும்மா இருக்கும். சில வாரம் இரண்டு தடவை ஆடும். ஆடி முடித்ததும் கடல் வரலாம் என்பதால், எல்லாரும் கிழக்கே இருக்கும் மலையைப் பார்த்து ஓட வேண்டும். எதுவரை ஓடினால் போதும் என்று சாலையில் நீலக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மகளின் பள்ளிக்கூடத்தில், பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடப் பழக்குவார்கள்.

போன தை மாதம் நானும் அவளும் மட்டும் கீழ்வேளூர் வந்திருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அறுவடை மெஷினை ஏற்றிய லாரி ஒன்று வாசலை ஒட்டிப் போனது. தரை அதிர்ந்தது, டம்ளர் தண்ணீர் நடுங்கியது. மகள் எச்சில் கையோடு என்னை இழுத்தாள். அவள் இழுத்தாளா, நான் அவளை இழுத்தேனா என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. செருப்பில்லாமல் இருவரும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தோம்.

எதிரே வயலிலிருந்து அப்பா மொபெட்டில் வந்தார்.

"என்னம்மா, எங்க ஓடுறீங்க ரெண்டு பேரும்?"

"மேட்டுக்கு, தாத்தா!"

"மேடா? இங்க ஏது மேடு?" அப்பா வண்டியை நிறுத்தினார். "கிழக்கால போனா கடல்லதான் போய் நிப்பீங்க."

அப்போதுதான் புரிந்தது. கால் தன்பாட்டுக்குப் பாடாங்கில் ஓடுகிற திசையில் ஓடியிருக்கிறது. பிறந்து வளர்ந்த ஊரில், கடல் எந்தப் பக்கம் என்பதை மறந்து, கடலைப் பார்த்து ஓடியிருக்கிறேன்.

மகள் விடவில்லை. "அப்ப எங்கதான் ஓடணும்?"

எதிர்வீட்டு அக்கா ஆற்றங்கரை என்றார். "ஆத்துலதானே தண்ணி ஏறி வரும்?" என்றார் அப்பா. அக்கா பள்ளிக்கூட மாடி என்றார். அது ஒழுகுகிறது என்று அவரே மறுத்தும் சொன்னார்.

"சுனாமியப்ப நாகப்பட்டினத்திலேருந்து வந்தாங்களே, அவங்க எங்கப்பா போனாங்க?" என்று கேட்டேன். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஈரத் துணியோடு சாலையில் ஜனங்கள் போனது நினைவிருக்கிறது. எங்கே போய் நின்றார்கள் என்பது நினைவில்லை.

"நானும் கேட்டேன். 'தெரியலைங்க, மேற்கால போறோம்'னாங்க. அவங்களுக்கும் தெரியாதும்மா."

கடைசியில் அக்காவுக்குத்தான் கோயில் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சன்னதி தரையில் இல்லை. கட்டுமலையாக எழுப்பி, அதன்மேல் கட்டியது. படியேறித்தான் சாமியைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் நான், மகள், அப்பா மூவரும் போனோம். மகள் விடுவிடுவென்று ஏறினாள். மேலே நின்று சுற்றிலும் பார்த்தாள். அறுத்த வயலும் அறுக்காத வயலுமாக ஒரே சமமாகக் கிடந்தது பூமி.

"இந்த உயரம் போதுமாம்மா?"

எனக்கென்ன தெரியும்? போதும் என்றேன்.

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். அப்பா முதல் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, நீங்களும் வரணும்!"

"எனக்கு எதுக்குடா? நீங்க நில்லுங்க."

அவள் அழத் தொடங்கிவிட்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறி வந்தார். வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"வந்துட்டேன். இப்ப என்ன செய்யணும்?"

"சும்மா இருக்கணும்."

"எதுவரைக்கும்?"

மகள் தாத்தாவை ஒட்டி உட்கார்ந்தாள். நான் அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன். மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இருட்டிய பிறகு குருக்கள் வந்து, "நடை சாத்தணும், பார்த்து இறங்குங்க" என்றார். அப்பாவை நடுவில் விட்டு இறங்கினோம்.