நீங்க போங்க மச்சான்

மோரிப் கடற்கரையில் காற்றுக்கு வேலை நேரம் என்று ஒன்றும் கிடையாது. மத்தியானத்தில் கடல் பக்கமிருந்து நன்றாக வீசிக்கொண்டிருக்கும். நாங்கள் பலகையைத் தண்ணீரில் இறக்கி ஏறி நின்றதும் பந்திங் பக்கம் ஒரு கறுத்த மேகம் எழும்பும், காற்று அப்படியே படுத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கரைப்பக்கமிருந்து வேறு குணத்தோடு திரும்பி வரும். அங்கே பட்டம் விற்கும் மலாய்க்காரர் ஒருவர் இருக்கிறார். தன் பட்டம் தரைக்கு இறங்கியதும் எங்களைப் பார்த்து, “அங்கின் மாத்தி!” என்று கத்துவார். காற்று செத்துப்போச்சு என்கிறார். அதைச் சொல்வதில் அந்த மனிதருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தக் காற்றை நம்பித்தான் நானும் மச்சானும் விங் ஃபாயில் பழகுகிறோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காலுக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்கு அடியில் ஒரு நீளத் தண்டு, அதன் நுனியில் விமான இறக்கை மாதிரி ஒரு தகடு, அதுதான் ஃபாயில். கையில் காற்றடைத்த ஒரு பெரிய விங். விங்கில் காற்று பிடித்து வேகம் வந்ததும் பலகை தண்ணீரை விட்டு முழங்கால் உயரம் எழும்பிவிடும். சத்தமே இருக்காது. முதல் தடவை அப்படி எழும்பியபோது நான் கடலுக்கு நடுவே தனியாகக் கெக்கெக்கென்று சிரித்தேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன், பக்கத்திலேயே ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அக்கா டெங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. தலைவலி என்று படுத்தவள், அந்த வாரம் முடிவதற்குள் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு கிடையாது.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் கிள்ளானுக்குப் போய் மச்சானோடு உட்கார்ந்திருப்பேன். டிவி ஓடும். அவர் தே, அதாவது டீ, போட்டுத் தருவார். வாயில் வைக்க முடியாது. அக்கா இருந்தவரை எங்கள் இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள், அதனால் நாங்கள் பேசப் பழகவே இல்லை. ஒரு நாள் போனபோது ஹாலில் பெரிய பை ஒன்று கிடந்தது. துறைமுகத்தில் கூட வேலை செய்த ஒருவர் முதுகுவலி வந்து இந்த விளையாட்டை விட்டுவிட்டாராம், பலகையையும் விங்கையும் மச்சான் தலையில் கட்டிவிட்டார். “வா மச்சான், என்னன்னு பாப்போம்” என்றார். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், தொப்பையும் தொந்தியுமாக, அன்றைக்குக் கடலில் இறங்கினோம். அடுத்த வருடம் எனக்கும் ஒரு பலகை வந்தது. “ரெண்டு பேரும் கடல்லயே குடும்பம் நடத்துங்க” என்று என் மனைவி சொல்லாத ஞாயிறு இல்லை.

நேராகப் போவது எங்களுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. திரும்புவதுதான் வரவில்லை. திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அந்த நேரம் கையில் விங் எடையில்லாமல் மிதக்கும். பிடிப்பதற்கு எதுவும் இல்லாத அந்தக் கணத்தில் விங்கைத் தலைக்கு மேலே கைமாற்ற வேண்டும், பலகையில் முன்கால் பின்னாலும் பின்கால் முன்னாலும் போக வேண்டும், இவ்வளவுக்கும் கண் போகப்போகிற பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மச்சான் காலைப் பார்ப்பார், விழுவார். நான் பின்னால் சாய்வேன். ஃபாயில் தண்ணீருக்கு வெளியே வந்து என்னை உதறித் தள்ளிவிடும். விழுந்து, பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, மறுபடி ஏறி, வந்த பக்கமே போவோம். நாங்கள் திரும்பிய விதம் அதுதான்.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது, அது நாங்களாகவே சேர்த்துக்கொண்டது. திரும்புவதற்குக் காற்று பலமாக இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். மோரிப்பில் அந்தப் பலம் தண்ணீர் மேல் ஒரு கறுத்த பட்டையாக வரும். வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவர் திரும்புவது, மற்றவர் பார்த்து எங்கே பிசகியது என்று சொல்வது என்று ஏற்பாடு. பட்டை நெருங்கும்போது நான், “நீங்க போங்க மச்சான்” என்பேன். என்ன இருந்தாலும் அக்கா புருஷன், அவரை முந்திக்கொண்டு நான் போவதா? அவர், “இல்ல, நீ போ மச்சான்” என்பார். பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை, அவனுக்கு முன்னால் தான் போவதா என்று அவருக்கு. “அட போங்க.” “நீ போ லா.” அதற்குள் பட்டை எங்களைத் தாண்டிக் கரையேறி, பட்டக்காரரின் பட்டத்தை ஆட்டிக்கொண்டிருக்கும்.

நாங்கள் இருவருமே ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வயதில் மூத்தவர் என்று நான் நீங்க போடுவேன், அவர் நீ என்பார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சொல் இல்லாமல் நாங்கள் ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை.

ஒரு ஞாயிறு காற்று சுத்தமாக நின்றுவிட்டது. இருவரும் பலகை மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தோம். மச்சான் விங்கின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். 

“மச்சான், ஒண்ணு சொல்லணும்.”

“தெரியும் மச்சான்” என்றேன்.

அவருக்கு மறுபடி கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்பது கிள்ளான் கோயிலில் யாரோ சொல்லி என் மனைவி காதுக்கு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. சுங்கை வேயில் பல் கிளினிக் ஒன்றில் வேலை செய்யும் பெண், என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவர் என்பது வரை தெரியும்.

“எப்பத்துலருந்து தெரியும்?”

“தீபாவளிக்கு முன்னாலருந்து.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீங்க ஏன் சொல்லல?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர், “ஒங்கக்காவ மறந்துட்டேன்னு மட்டும் நெனைச்சிடாத மச்சான்” என்றார். “என்ன பேச்சு மச்சான் இது. நல்லா இருங்க” என்றேன். மனதாரச் சொன்னேன். பொட்டலச் சாப்பாடும் ஆறிப்போன தேயுமாக அவர் இருந்த இருப்பைப் பார்த்தவன் நான். அந்த வீட்டில் இன்னொரு தட்டு வைக்கப்படும் என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

நிம்மதியோடு கூடவே வேறொரு கணக்கும் மனதில் ஓடியது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் தாய்மாமன் என்ற பதவியாவது எனக்கு மிஞ்சியிருக்கும், அதை யாரும் பிடுங்க முடியாது. இப்போது எனக்கும் இந்த மனிதருக்கும் நடுவே இருந்தது அக்கா ஒருத்திதான், அவளும் இல்லை. அவர் இன்னொரு வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு வேறு மச்சான்கள் இருப்பார்கள். என்னை யார் என்று சொல்வார்? முதல் சம்சாரத்தின் தம்பி என்றா? அந்த வீட்டுக்கு ஞாயிறு தோறும் எந்த முகத்தோடு போவேன்? அந்தப் பெண்தான் என்னை எதற்குத் தன் வீட்டு வாசலில் பார்க்க விரும்புவார்? எனக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவள் அக்கா. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவர்தான். இவரும் போய்விடுவார் என்று பயமாக இருந்தது. 

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. தூரத்தில் கறுத்த பட்டை வந்தது. “நீ போ மச்சான்” என்றார். வழக்கத்துக்கு மாறாக நான் மறுக்காமல் எழுந்து போனேன், திரும்பும்போது விழுந்தேன். கடலில் விழுந்து எழுந்தால் முகம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

பிறகு ஒரு ஞாயிறு மச்சானின் வேனிலிருந்து அந்தப் பெண்ணும் இறங்கினார். மடக்கு நாற்காலி, குடை, மூன்று பொட்டலம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. வெயிலில் எரிச்சலான முகம். “இவ்ளோ தூரம் வந்து விழறதுக்கா?” என்று மச்சானிடம் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார், “சாப்பிட்டீங்களா?” என்றார். முறை சொல்லி மட்டும் கூப்பிடவில்லை. பார்சல் கட்டித் தருபவரைக்கூட அண்ணே என்கிற ஊர் இது. அவர் அதைக்கூடச் சொல்லாமல் கவனமாக இருந்தது என் கண்ணில் பட்டது. சரி, இப்படித்தான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் இறங்கிய எங்களுக்குப் பழைய புத்தி போகவில்லை. பட்டை வந்தது. “நீங்க போங்க மச்சான்.” “நீ போ மச்சான்.” கரையிலிருந்து அந்தப் பெண்ணின் கத்தல் கேட்டது.

“யாராச்சும் ஒருத்தர் போங்க லா! காத்து போவுது!”

பட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சான் வெலவெலத்துப் போய்க் கிளம்பினார். விழுந்தார் என்பது வேறு விஷயம்.

எனக்குத் தோள் வலித்தது. கரைக்கு வந்து, அந்தப் பெண்ணிடமிருந்து கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தேன். காற்று அப்போது கடலிலிருந்து மாறித் தெற்கே சாய்ந்து வீசத் தொடங்கியிருந்தது. மச்சான் தூரத்தில் மறுபடி ஏறி நின்றார். அந்தப் பெண் ஒரு பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் பிரித்தேன். 

“கோயில்ல சிம்பிளா வச்சிக்கிறோம்” என்றார்.

“சொன்னாரு.”

“எனக்கு அம்மா மட்டும்தான். கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைச்சிட்டு வர, எங் கையில பொரி எடுத்துப் போட, அண்ணனோ தம்பியோ யாரு வராங்கன்னு ஐயர் கேட்டாரு.” குடையை என் பக்கம் சரித்து வைத்தார். “ஈப்போவுல சித்தப்பா மகன் இருக்காரு, அவரக் கூப்பிடலாம்னு அம்மா சொல்றாங்க. நான் உங்களச் சொல்லிட்டேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “என்னையா?”

“கேக்காம சொன்னது தப்புன்னா இப்பவே திட்டிடுங்க.”

“நான் அந்தப் பக்கத்து ஆளாச்சே.”

“எந்தப் பக்கம்?”

“மச்சான் பக்கம்.”

“அவரு பக்கம் நிக்க ஆளு நெறைய இருக்கு. எம் பக்கம்தான் ஆளு இல்ல.” பொட்டலத்து நெத்திலியை விரலால் ஒதுக்கினார். “அதோட இன்னொண்ணு. இந்த மனுசன் சரியா தூங்குறதே இல்ல. இனிமே அவன் என்னை மச்சான்னு கூப்புடுவானா, ஞாயித்துக்கெழம வருவானான்னு எங்கிட்ட வந்து கேக்குறாரு. அவருகிட்டயே கேளுங்கன்னா வெக்கம். எனக்கு அண்ணன் வேணும், அவருக்கு மச்சான் வேணும். வேற எங்க போய்த் தேடுறது, சொல்லுங்க.”

அவர் இதை வெண்டைக்காய் விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். மச்சானுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, நீங்க சொல்லுங்க நீ சொல்லு என்று இத்தனை ஞாயிறு கடலில் உட்கார்ந்திருக்கிறோம். நான் தலையாட்டினேன். அது போதாது என்று மறுபடியும் ஆட்டினேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்தப் பெண் டிஷ்யூ பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கடலிலிருந்து கூச்சல் வந்தது. மச்சான் இடுப்பளவு தண்ணீரில், விங்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையை நோக்கி ஓட முடியாமல் ஓடிவந்தார். பலகை அவர் கணுக்காலில் கட்டிய கயிற்றில் பின்னால் இழுபட்டது.

“திரும்பிட்டேன்! விழாம! கை மாத்தி, கால் மாத்தி, முழுசா திரும்பிட்டேன்! பாத்தீங்களா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவர் முதன்முதலாக விழாமல் திரும்பியிருக்கிறார், ஒருத்தரும் பார்க்கவில்லை.

“பாக்கல” என்றார் அந்தப் பெண், நாற்காலியிலிருந்து எழாமலே. “எங்கண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்.”

மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காற்று விங்கை அவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது, அவருக்கு அது தெரியவில்லை. நான் கைச்சோற்றை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போய் விங்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னொரு தடவ திரும்புங்க மச்சான்” என்றேன். “நான் பாக்குறேன்.”