தம்பியின் இரண்டு முன்பற்கள்

இருட்டும் நேரத்தில் உப்புப் பாத்தி வரப்பில் நின்று என் தம்பி ஒரு நீண்ட சீழ்க்கை அடிப்பான். வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று அதற்குப் பொருள். அது கேட்கத் தாமதமானால் பாம்பு கடித்ததோ, மயங்கி விழுந்தானோ என்று மனம் அடித்துக்கொள்ளும். அவன் மணம் செய்துகொள்ளவில்லை; என் மனைவி எப்போதோ போய்விட்டாள். மரக்காணத்தில் அவன் உப்பு வாரினான், நான் கிடங்கில் மூட்டை எண்ணினேன். எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

அவனுடைய முப்பத்திரண்டு பற்களில் இருபத்தொன்று மிஞ்சியிருந்தபோது, மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஈறோரத்தில் சொத்தையாயின. அவையும் போனால் சீழ்க்கையும் போய்விடும். அந்தப் பயத்தை மறைக்காமல் சொல்லித்தான் திண்டிவனத்துப் பல் டாக்டரம்மாவிடம் அவனை உட்கார வைத்தேன்.

"அடைச்சா ஓரத்துல மறுபடியும் அரிக்காதாம்மா?" என்று கேட்டேன்.

"இந்த சிமெண்ட் ஓட்டையை மூடறதோட விடாதுங்க. இதுலேர்ந்து ஃபுளூரைடு கொஞ்சம் கொஞ்சமா கசியும். சுத்தியிருக்கிற பல்லைக் கெட்டிப்படுத்தும்."

"கசிஞ்சுக்கிட்டே இருந்தா தீந்துடாதா?"

"மொதல்ல நிறைய வரும், போகப்போகக் குறையும். ஃபுளூரைடு பேஸ்ட்டால தேய்ச்சா திரும்பக் கொஞ்சம் ஏத்திக்கும். இவரு எதுல தேய்க்கிறாரு?"

வாய் திறந்து கிடந்தவன் கண்ணால் கெஞ்சினான். "கல்லுப்புலம்மா" என்று நான் போட்டுக்கொடுத்தேன்.

"அது பல்லைத்தான் தேய்க்கும். இந்த வேலையைச் செய்யாதுங்க."

திரும்பும் பஸ்ஸில் முனகிக்கொண்டே வந்தான். "உப்பு வார்றவன் வாயில பேஸ்ட்டா? பாத்தியில சிரிப்பானுங்கண்ணா."

"சிரிக்கட்டும்டா. பல்லு இருந்தாதானே நீ திருப்பிச் சிரிக்க முடியும்?"

மறுநாள் முதல் அவன் பல் தேய்த்து முடிக்கும்வரை கிணற்றடியில் காவல் நின்றேன். "மூட்டையை எண்ணினது போதாதா? என் பல்லையும் எண்ணறியா?" என்று நுரையோடு திட்டுவான். அடுத்தடுத்துக் காட்டப் போனபோதெல்லாம், அடைப்பு சற்றுத் தேய்ந்திருந்ததே தவிர ஓரத்தில் புதிய சொத்தை இல்லை. சீழ்க்கையும் பிசகவில்லை.

போன ஆண்டு ஒரு விடியலில் மாரடைப்பு அவனைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு என் கடைவாய்ப் பல்லில் கூச்சம் எடுத்தும் பல மாதம் காட்டப் போகவில்லை. கூட வர ஆள் இல்லாமல் பல் டாக்டரிடம் போவது என்னவோ போலிருந்தது. சென்ற வாரம்தான் போனேன். டாக்டரம்மா சின்னக் கண்ணாடிப் பலகையில் வெள்ளைப் பொடியைத் திரவம் விட்டுக் குழைத்தார்.

"தம்பி வரலையா? விசில் நல்லா அடிக்கிறாரா?"

"போயிட்டான்மா. வாய்க்கட்டு கட்டறப்ப பாத்தேன். பல்லு ரெண்டும் அப்படியே இருந்துச்சு."

அவர் கை நின்றுவிட்டது. குழைத்ததை உடனே பல்லில் வைக்காவிட்டால் இறுகிவிடுமாம். பளபளப்பு மங்கி அது பலகையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, புதிதாகப் பொடி எடுத்தார்.