தொப்பிக்குக் கழுத்தை நீட்டிய ராமுத்தாயி மதினி

ராமுத்தாயி மதினி போய்விட்டார். இன்று விடிகாலை, ராசிங்காபுரத்தில், மகன் வீட்டில்...

தொண்ணூறுக்கு ஒன்றோ இரண்டோ குறைவு. நேற்றுகூட ரசத்தில் உப்பு இல்லை என்று மருமகளிடம் சண்டை போட்டாராம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் செய்கிறாள்.

மதினி கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். மாப்பிள்ளை என்றால்... ஒரு தொப்பி.

ஐம்பத்தஞ்சு வாக்கில் நடந்தது. என் பெரியப்பா மகன் சின்னச்சாமி அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டினார், காஷ்மீரில். கல்யாணத்துக்கு லீவு கேட்டு, லீவும் கிடைத்து, முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தந்தி வந்தது. லீவு கேன்சல்.

பந்தல் போட்டாச்சு. சொந்தக்காரர்கள் வந்தாச்சு. மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவருடைய பொருள் ஒன்றை மணையில் வைத்து, கூடப்பிறந்தவள் தாலி கட்டுவாள். எங்கள் ஆட்களிடம் அன்றைக்கு அந்த வழக்கம் இருந்தது. அண்ணன் முந்தின லீவில் விட்டுப்போன பட்டாளத்துத் தொப்பி வீட்டில் கிடந்தது.

நான் அப்போது குரங்கணி மலையில் மட்டக்குதிரை வைத்து ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். குதிரை முதுகில் தலையணை, தலையணை மேல் தொப்பி, தொப்பிக்கு மாலை. தூறல் போட்டதால் குடை வேறு பிடித்தேன்.

பெண் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் மறித்தார். "ஏப்பா, தொப்பி வந்துருச்சு. தல எப்ப வரும்?"

"தலைக்கு லீவு இல்ல மாமா."

அண்ணனின் தங்கை பேச்சியக்கா மூன்று முடிச்சும் போட்டார். மதினி பக்கத்து மணையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "மொறைக்காம இருக்கு, அதுவரைக்கும் நல்லது" என்றார். பேச்சியக்கா சிரித்ததில் மூன்றாம் முடிச்சு இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று.

நாலு மாதத்தில் லாரி பள்ளத்தில் கவிழ்ந்து அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. பூனாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரி. அப்படிக் கிடப்பவரை வீட்டு ஆள் ஒருவர் போய்ப் பார்க்க சர்க்காரே ரயில் பாஸ் கொடுக்கும். கொடுத்தார்கள்... அண்ணனின் ஆத்தா பேரில். சர்க்கார் ரிக்கார்டில் அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை!

பெரியம்மாவுக்கோ கால் வீங்கி, அடுப்படிக்கே சுவரைப் பிடித்துத்தான் நடை. நான்தான் ஐடியா சொன்னேன். "மதினி, பெரியம்மா பேர்ல நீங்க போயிருங்க. யாரு கேக்கப் போறா?"

"ஏன்டா, அவருக்கு ஆத்தாவாப் போகவா நான் கழுத்த நீட்டுனேன்?"

என் குதிரைக்கு இருக்கிற மூளைகூட எனக்கு இல்லை என்றும் சொன்னார்.

பாஸை மதினி பெயருக்கு மாற்றிக் கேட்டு மனுப் போட்டோம். விசாரிக்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை.

"கல்யாணத்தன்னைக்கு அவர் டியூட்டில இருந்திருக்கார்மா. அப்போ தாலி கட்டுனது யாரு?"

"நாந்தான்" என்று பேச்சியக்கா முன்னால் வந்தார், இடுப்பில் பிள்ளையோடு.

சுபேதார் பேனாவை மூடிவிட்டார். "சாட்சி யாராவது உண்டா?"

"நான் குடை பிடிச்சேன் சார்."

"யாருக்கு?"

"தொப்பிக்கு."

மனுஷன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் இதை எழுத முடியாது என்றார். "ஒண்ணு செய்வோம். அவர் சொகமாகி வரட்டும். இன்னொரு தாலி கட்டச் சொல்லிப் பதிஞ்சிருவோம்."

மதினிக்கு வந்ததே கோபம்...

"அப்போ இந்த நாலு மாசமா நான் யாரு பொண்டாட்டி? லீவு தாரேன்னது சர்க்காரு. இல்லேன்னது சர்க்காரு. அவர வர விடாம வச்சுக்கிட்டு, ஏன் வரலைன்னு எங்கிட்டக் கேக்குறதும் சர்க்காரா?"

சுபேதார் மறுபடி பேனாவைத் திறந்தார். "லீவு கேட்டப்போ என்ன காரணம் எழுதுனாரு?" என்றார்.

"கல்யாணம்னுதான். வேறென்ன, கோழி பிடிக்கவா?" இது பேச்சியக்கா.

"அப்போ யாரோட கல்யாணம்னும் எழுதியிருப்பாரே..."

அங்கிருந்து நேரே போடி தபாலாபீசுக்குப் போய் ரெஜிமென்டுக்குத் தந்தி கொடுத்தார். பதில் வந்தது. அண்ணன் கொடுத்த லீவு மனு அங்கே பத்திரமாக இருந்தது. பெண் பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தது.

புதுப் பாஸை சுபேதாரே கொண்டுவந்தார். "மனைவின்னு போட்டிருக்கும்மா" என்றார். மதினிக்கும் படிப்பு கிடையாது. அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பூனாவுக்குத் திரும்புகிற பட்டாளத்துக்காரர் ஒருவரையும் சுபேதார் துணைக்குச் சேர்த்துவிட்டார். போடி ஸ்டேஷனில் நாங்கள் இருபது பேர் போய் வழியனுப்பினோம்.

மிச்சக் கதை மதினி வந்து சொன்னது...

மதினி அண்ணனைச் சின்ன வயதில் ஒரு திருவிழாவில் பார்த்ததோடு சரி. வார்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி தலைமுடி. யாரென்று தெரியவில்லை. மதினி நடுவில் நின்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். "ராசிங்காபுரத்து ராமுத்தாயி வந்திருக்கேன். என் வீட்டுக்காரரு யாரு, கையத் தூக்குங்க!"

தமிழ் தெரியாதவர்கள் நாலு பேர் கையைத் தூக்கினார்களாம். மூலையில் ஒருத்தர் மட்டும் வெட்கத்தில் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாராம்.

"அத வச்சுத்தான்டா கண்டுபிடிச்சேன்" என்பார்.

அண்ணன் தடி ஊன்றி ஊர் வந்தார். மூன்று பிள்ளைகள். இரண்டாவது தாலி கட்டவே இல்லை.

அண்ணன் போய் இருபது வருஷம் ஆயிற்று. இன்று மதினி...

சாயங்காலம் எடுக்கிறார்கள். தேவாரம் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ்சை நம்பாமல் வெரசாகக் கிளம்புங்கள்.

நான் ஜீப்பில் ஏறியாச்சு. வர்றேன் மதினி.