தகட்டின் உள்பக்கம்

தாராவியில் பழைய இரும்புக் கடையில் தரம் பிரிப்பவர் அவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குட்டை உடம்பு, நீல லுங்கி, காதில் செருகிய சாக்பீஸ். எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் போடுவார்.

பழைய பட்டாளத் துப்பாக்கிகளின் பாகங்களைச் செய்தவர் யாரென்று கண்டறிவது என் தொழில். விசைப்பொறியைத் தாங்கும் இரண்டு தகடுகளின் முத்திரைகளை மூன்று நாள் பூதக்கண்ணாடியில் பார்த்து, இரண்டும் வெவ்வேறு பட்டறை என்று முடிவு கட்டியிருந்தேன். துரு எடுக்கத்தான் அவரிடம் கொண்டுபோனேன். துருவை எடுத்துவிட்டு, உள்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

“ரெண்டும் ஒரே ஆளு செஞ்சது, அண்ணாச்சி.”

“முத்திரை வேற வேறயா இருக்கே?”

“அது மொதலாளி பேரு. செஞ்சவன் உள்ளல்லா இருக்கான். அரம் சாஞ்சு ஓடியிருக்கதப் பாருங்க, எடக்கைக்காரன்.”

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எனக்கு வயிறு எரிந்தது.

தகடுகளின் சொந்தக்காரர் மாட்டுங்காவில் இருந்தார். இரண்டையும் செய்தது ஒரே இடதுகைக்காரன் என்று சொன்னதும் அசந்துபோனார்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

என் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அந்த விரலுக்கு இன்றுவரை இரும்பு வெறும் இரும்புதான்.