ஏழாவது கிரீனில் ஓட்டை

வானத்தையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொள்ளும் தொழில், கோல்ஃப் மைதானப் பராமரிப்பு. ஹைதராபாத்தில் இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இது புரியும். மொட்டைமாடியில் தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கும் பாதி புரியும்.

காய்ந்தபோது

அந்தக் கோடையில் மழை கண்ணிலேயே படவில்லை. பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். பள்ளத்தில் இருக்கும் எங்கள் ஏழாவது கிரீனில் மண் இறுகிப்போய், ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. பெரிய மழை வந்தால் தேங்கிவிடும், இப்போதே ஓட்டை போட்டு மணல் நிரப்பிவிடலாம் என்று கிளப் கேப்டனிடம் கெஞ்சினேன். அவர் மூன்று தலைமுறையாக இந்த ஊர் மாரெட்பள்ளியில் இருக்கும் தமிழர்; ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று ஊர் உருது கலந்துதான் பேசுவார். கோப்பைப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

“நக்கோ தம்பி! பந்து உருளுற இடத்துல ஓட்டை கைக்கு? போட்டியில ஏழாவது கிரீன் சொதப்புச்சுன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ.”

கொட்டியபோது

போட்டிக்கு முந்தின வாரம், கோடைக்கும் சேர்த்து ஒரே மழையில் கொட்டித் தீர்த்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஏழாவது கிரீனையே காணோம். வெயிலும் சுள்ளென்று வந்துவிட்டது. தேங்கிய தண்ணீர் சூடேறினால் புல் வெந்துபோகும். இந்த ஊர்த் தெலுங்கில் ஏரிக்குச் செருவு, இல்லை என்பதற்குக் காது. தோட்டக்காரர்களான மாலிகளுக்குத் தலைவர் யாதய்யா நிதானமாகச் சொன்னார்:

“சார், இதி கிரீன் காது, செருவு!”

குத்தியபோது

தண்ணீரைத் தள்ளிவிட்டு, கேப்டனைக் கேட்காமலே நீளப் பல் வைத்த இரும்பு ஃபோர்க்கால் கிரீன் முழுக்கக் குத்தி மணலைத் தூவ ஆரம்பித்தோம். பாதியில் அவரே வந்து நின்றார். நிறுத்தினால் புல் போச்சு, தொடர்ந்தால் வேலை போச்சு. குத்திக்கொண்டே இருந்தேன்.

“குத்து, குத்து. போட்டி முடியட்டும், உனக்கு இருக்கு.”

போட்டியன்று

ஆட்டத்தின் நடுவே மறுபடி மழை. விட்டதும் மற்ற கிரீன்களில் மாலிகள் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மட்டும் எல்லாவற்றையும் குடித்துவிட்டிருந்தது. கேப்டன் பந்தைத் தட்டினார். அது மணல் புள்ளிகளில் தத்தித் தத்திப் போய்க் குழியில் விழுந்தது. அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வேற வேலை பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

“ஹவ், எல்லாக் கிரீன்லயும் ஓட்டை போட்டுடு தம்பி. ஆனா ஓட்டை தெரியக் கூடாது!”

புல்லும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடத் தெரிந்த சக பாவிகள் யாராவது இருந்தால், அடுத்த மழைக்குள் சொல்லிவிடுங்கள்.