அவிழ்க்காத நீலத் துணி

அந்த நீலத் துணியை நான்தான் கட்டினேன். லண்டன் அப்டன் பார்க்கில் அத்தான் வைத்திருந்த புடவைக் கடையில் விலைப்படாமல் கிடந்த பிளவுஸ் துணியிலிருந்து விரல் அகலத்துக்குக் கிழித்தெடுத்த துண்டு அது. பிரான்சில் ஒரு காட்டில், ஓடைக்கரையில் நின்ற இளமரத்தின் கிளையில், மான் சிந்திய கடைசித் துளி ரத்தத்துக்கு நேர்மேலே கட்டினேன். இலையுதிர் காலத்தில் சிவப்பும் மஞ்சளும் கண்ணுக்குப் பிடிபடாது, நீலம்தான் தெரியும் என்று அத்தான் சொல்லியிருந்தார். விலைபோகாத துணிக்கு இப்படியும் ஒரு வியாபாரமா என்று லண்டனில் வைத்துக் கேலி செய்தவன் நான். கட்டும்போது வாயில் கேலி வரவில்லை. "இரட்டை முடிச்சாப் போடு" என்று மட்டும் அவர் பின்னால் நின்று சொன்னார்.

அத்தான் என் அக்காவின் கணவர், மன்னார்க்காரர். லண்டனுக்கு வருமுன் பல வருடங்கள் பிரான்சில் ஓர் உணவகத்துச் சமையலறையில் நின்றவர். அந்த உணவக முதலாளிதான் அவரை வேட்டைக்குக் கூட்டிப்போனார். துவக்குச் சத்தம் அத்தானுக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே நாட்டை விட்டு வந்தேன், இங்கேயும் அதையா கேட்பது என்று வில்லைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் வில்லால் மான் அடிக்கச் சட்டம் விடாது. ஆகவே லண்டனில் குடியேறிய பிறகும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வில்லைக் காரில் போட்டுக்கொண்டு கடல் தாண்டிப் போய்வருவார். அது பணக்காரப் பைத்தியம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வந்தது. வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்த அவருடைய ஒரே தம்பி, சித்திரையில் ஒருநாள் தொலைபேசியில் பேசினான். அவசரமாகப் பேசினான். "பொறுத்திருங்கோ அண்ணை, நானே எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அத்தான் பொறுத்திருந்தார். தம்பி எடுக்கும்போது லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று வேறு யாரையும் அழைக்காமல் பொறுத்திருந்தார். வைகாசியில் போர் முடிந்தது. முகாம்களில் தேடியவர்கள் அவன் அங்கே இல்லை என்றார்கள். இறந்ததைக் கண்டதாகச் சொல்லவும் ஆளில்லை. அத்தான் கடை திறக்காமல் தொலைபேசிக்கு முன்னால் இருந்தார். வில் பழகப் போவதற்கு மட்டும்தான் எழும்பினார். "நீயும் கூடப் போ தம்பி, இவரைத் தனிய விட ஏலாது" என்று அக்கா கேட்டதால்தான், நாற்பதை எட்டிக்கொண்டிருந்த நான் வில்லைத் தொட்டேன். உயிர்க்கோழியைக் கண்டாலே ஒதுங்குகிறவர் மான் அடிக்கப் போகிறாராம் என்று என் மனைவி இல்ஃபோர்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளி மண்டபத்தில் வாரம் ஒருதடவை வில் பழகினேன். முதல் மாதம் நாண் என் இடக்கையைத் தோலுரித்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் எப்பிங் காட்டுக்கு வெறுங்கையோடு போவோம். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைக் காற்றில் தூவி அது போகும் திசையைப் பார்ப்போம். மானுக்கு எங்கள் வாடை போகாத பக்கமாக அடியெடுத்து வைப்போம். மற்றதெல்லாம் எனக்குப் பிடிபட்டது, ஒன்று மட்டும் புதிராக இருந்தது. அம்பு பட்டதும் மானுக்குப் பின்னால் ஓடக் கூடாதாம். அரைமணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டுமாம். யாரும் துரத்தாவிட்டால் அது கிட்டவே எங்காவது படுத்து அமைதியாக அடங்கிவிடும், துரத்தினால் பயத்தில் தொலைதூரம் ஓடிச் சாகும், கிடைக்காது. அத்தான் இதைச் சொல்லாத ஞாயிறு இல்லை.

அனுபவமுள்ளவரோடு போகும் புதியவர்களுக்கான அனுமதி எடுத்து, அந்த வருட ஐப்பசி கடைசியில் பிரான்சுக்குப் போனோம். இருவருக்கும் ஒரே வில். விடியற்காலைக் குளிரில் புதருக்குப் பின்னால் இருந்தபோது ஒரு பெண்மான் வந்தது. அத்தான் வில்லை என்னிடம் நீட்டினார். நான் இழுத்தேன், விட்டேன். முன்னங்காலுக்குப் பின்னால் படவேண்டியது சற்றுத் தள்ளிப் பட்டது. மான் துள்ளிப் பற்றைக்குள் மறைந்தது. அத்தான் சொல்லித்தந்தபடியே நான் அசையாமல் இருந்தேன். அத்தான்தான் எழுந்தார்.

இருங்கோ அத்தான், இன்னும் நேரமாகவில்லை என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "பொறுத்துப் பொறுத்து என்னத்தைக் கண்டனாங்கள்? எழும்பு" என்றார். நாங்கள் போனது கூப்பிடுதூரம்கூட இராது. ஓரிடத்தில் சருகு நசுங்கிக் கிடந்தது. மான் படுத்திருந்த இடம். கையை வைத்துப் பார்த்தேன், சூடு இருந்தது. எங்கள் சத்தம் கேட்டு எழுந்து போயிருக்கிறது. நாங்கள் பொறுத்திருந்தால் அங்கேயே அது அடங்கியிருக்கும். அத்தான் அந்தச் சருகின்மேல் முழந்தாளிட்டு இருந்தார். அவர் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வைகாசியில்கூட அழாத மனிதர்.

அதன்பிறகு தடம் தவறாதிருக்க, ரத்தம் கண்ட இடமெல்லாம் துணி கட்டிக்கொண்டே போனோம். ஓடையோடு தடம் நின்றது. மாலையில் மழை வந்தது. மறுநாளும் தேடினோம், கிடைக்கவில்லை. தேடலைக் கைவிட்டு, முதல் துணியிலிருந்து ஒவ்வொன்றாக அத்தான் அவிழ்த்துப் பையில் போட்டார். ஓடைக்கரையில் இருந்த கடைசித் துணிக்கு நான் கையை நீட்டினேன். தடுத்தார்.

"அதை விடு. கண்டாத்தான் அவிழ்க்கலாம்."

அடுத்த வாரம் கார்த்திகை, எங்கள் கணக்கில் நவம்பர், கத்தோலிக்கருக்கு மரித்தவர்களின் மாதம். எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களைப் பாதர் வாசித்து மன்றாடுவார். தம்பியின் பெயரையும் கொடுப்போம், அந்த ஆன்மாவுக்கு யார்தான் மன்றாடுவது என்று அக்கா கெஞ்சினாள், பிறகு சண்டை பிடித்தாள். அத்தான் காட்டில் சொன்ன "கண்டாத்தான்" என்ற அதே சொல்லைத்தான் சொன்னார். பெயர் கொடுக்கப்படவில்லை. வருடா வருடம் அந்தச் சண்டை நடந்தது. அவர் வில்லைப் பிறகு தொடவில்லை. கடை இருந்த கிரீன் ஸ்ட்ரீட்டில் தம்பியின் உயரத்தில் யாராவது போனால் கடையை விட்டிறங்கி முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். நானும் சும்மா இல்லை. எப்பிங் பக்கம் எந்த மானைக் கண்டாலும் காரை மெதுவாக்கி அதன் விலாவில் தழும்பு தேடுவேன். அந்த மான் அன்றே செத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கண் தேடுகிறது.

போன மாசியில் அத்தான் போய்விட்டார். இந்தக் கார்த்திகையில் அக்காவோடு கோயிலுக்குப் போனேன். இனித் தடுக்க ஆளில்லை, இரண்டு பெயரும் வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பாதர் அத்தானின் பெயரை வாசித்தார். அடுத்தது வேறு யாரோ. அக்காவைப் பார்த்தேன். பாதர் முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை. வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்.

"காணேல்லைத்தானே தம்பி. பிறகு எப்பிடிக் குடுக்கிறது?"

அந்தத் துணியைப் பற்றி அக்காவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை வருட மழையில் அதன் நீலம் போயிருக்கும். முடிச்சு போயிராது. நான் போட்டது இரட்டை முடிச்சு.