பாட்டுக்காரியின் புருஷன்

முப்பத்தைந்து வருட சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ மனுக்களைப் பார்த்துவிட்டேன். கேட்டது கேட்டபடி, ஒரே வாரத்தில், எதிர்க்கேள்வி இல்லாமல் நிறைவேறியது ஒன்றுதான். அதை எட்டு வயதில் நானே எழுதினேன்.

யுத்த காலம். மொரப்பூர் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த மாமாவின் குவார்ட்டர்ஸில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மாற்றலாகிப் போன வெள்ளைக்கார இன்ஜினீயரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மாமா ஒரு கிராமபோன் பெட்டியும் ஒரே ஒரு இசைத்தட்டும் எடுத்துவந்தார். தட்டில் ஒரு வெள்ளைக்காரி பாடினாள். பின்னால் ஏதோ வாத்தியம், நாயனத்துக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் வளைந்து வளைந்து ஊதியது. அது சாக்ஸபோன், அந்தப் பாணிக்கு ஜாஸ் என்று பெயர் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தவை. பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவாள். நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதைப்போலவே அவளும் தாளத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்வாள். அவள்மேல் பித்தாகிவிட்டேன்.

மாமாவுக்கும் பித்துதான். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறப்பார். ஊசி கிடைக்காததால் கருவேல முள்ளைச் சீவிப் பொருத்துவார். இருபது சுற்றுக்குமேல் சாவி கொடுக்கமாட்டார். உள்ளே இருக்கும் சுருள்வில் அறுந்தால் யுத்தம் முடியும்வரை பெட்டி ஊமை.

“அவளே வந்து களி கிண்டிப் போடுவாளான்னு கேளுங்க. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்” என்பாள் அத்தை.

“அவளுக்குக் களி கிண்ட வராதுடி. அதான் பாடறா.”

என் துயரம் வேறு. பாட்டு முக்கால்வாசி போனதும் அவளுடைய புருஷன் வந்துவிடுவான். அவள் குரல் தேய்ந்து தேய்ந்து மறைய, ஒரு தடித்த ஆண் குரல் அதே பாட்டைப் பிடித்து, மூட்டை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போகும். அவனுக்குப் பயந்து வாத்தியக்காரர்களும் மெதுவாக வாசிப்பார்கள். ஒரு வாரம்கூட அவளைக் கடைசிவரை பாட விட்டதில்லை.

மாமாவிடம் ஊரார் மனு எழுதிக்கொள்ள வருவதுண்டு. கூடவே உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு நடைமுறை அத்துப்படி.

“பாட்டுக்கார அம்மாள் சமூகத்துக்கு, மூன்றாம் வகுப்பு மாணவி தாழ்மையுடன் எழுதிக்கொண்ட மனு. தங்கள் புருஷன் நடுவில் வந்து கெடுக்கிறார். அவரை வெளியில் நிறுத்திவிட்டு, தாங்களே முழுவதும் பாடும்படி பிரார்த்திக்கிறேன்.”

தபால்தலை வாங்க வழியில்லை. ஆகவே உறையின்மேல் ‘சர்க்கார் காரியம்’ என்று எழுதி, மாமாவின் ஆபீஸ் தபால் கட்டில் செருகினேன். தண்டனைக்குரிய குற்றம். வேறு யாராவது செய்திருந்தால் பிற்காலத்தில் நானே விளக்கம் கேட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அவள் கடைசிவரை பாடினாள். புருஷன் வரவில்லை. நான் குதித்தேன்.

“என்ன, வெளியவே நிறுத்திட்டாளா?” என்றார் மாமா. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று ஞாயிறுகள் அப்படிப் போயின. நாலாவது ஞாயிறு மாமா சாவி கொடுக்கும்போதே பெட்டிக்குள் ‘டங்’ என்றது.

“இருவது சுத்துக்கு மேல கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? எதுக்கு நாப்பது சுத்தினீங்க?” என்றாள் அத்தை.

“ஒருத்தி மனு போட்டிருந்தா.”

“யாரு, அந்த வெள்ளக்காரியா?”

மாமா பெட்டியை மூடினார்.

சாவி தீரத் தீரத் தட்டின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பெண் குரல் ஆண் குரலாகும் என்பதை ஹைஸ்கூலில்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், வெளியே நிறுத்தப்பட்ட புருஷன் கோபித்துக்கொண்டு அவளைப் பாடவேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்பதுதான். ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன். உடனே இரண்டாவது மனு: முதல் மனுவை வாபஸ் பெறுகிறேன், அவரும் பாடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதே உறை, அதே தபால் கட்டு.

மறுநாள் சாயங்காலம் மாமா பெட்டியைத் திறந்து, முள்ளைத் தட்டின்மேல் வைத்து, ஆள்காட்டி விரலால் தட்டைச் சுழற்றத் தொடங்கினார். அவள் பாடினாள். விரல் சற்றுத் தளர்ந்தபோது அவன் பாடினான். மறுபடி அவள். இருவரும் மாறி மாறி, கடைசிவரை.

சமாதானமாகிவிட்டார்கள் என்று நிம்மதியாக விளையாட ஓடினேன். உட்கார்ந்த இடத்தில் பாட்டுக் கேட்கும் மனிதருக்கு ஏன் அப்படி வியர்த்துக் கொட்டுகிறது என்பதுதான் விளங்கவில்லை.